நான்காம் அறை அழைப்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லும் தெம்பு எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. பேய்க்கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, திடீர் இருட்டு என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் வழியாக நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ பாட்டுப் போட்டுக்கொண்டு பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். வீட்டில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவார், எனக்கும் பழகிவிட்டது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய மினிகம்ப்யூட்டர்களை மறுபடி ஓடவைப்பது. பெயர்தான் மினி, உருவம் பீரோ. அசல் மெஷின் முழுசாகக் கிடைக்காது, கிடைத்தாலும் வாசல் வழியாக நுழையாது. அதனால் அதைப்போலவே நடிக்கும் ஒரு மென்பொருளை எழுதி, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவிடுவோம். அதற்கு எமுலேட்டர் என்று பெயர். பழைய புரோகிராமுக்குத் தான் இருப்பது வேறு இடம் என்று தெரியவே தெரியாது. பாவம், தன் பழைய மெஷினில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை பார்க்கும்.

பேனல் என்று சொல்லும் முன்பக்கத்தை மட்டும் ஆசைக்கு அசல் மாதிரியே செய்துகொள்வோம். நானும் செய்திருந்தேன். அலுமினியத் தகடு, வரிசையாகச் சிவப்பு விளக்குகள், கீழே சுவிட்சுகள். உண்மையில் அது வெறும் பொம்மை. பின்னால் ஒரே ஒரு கேபிள், அது என் கம்ப்யூட்டருக்குப் போகும்.

அப்போது என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது, மொத்த உடம்பும். வேலைக்குப் போவேன், வருவேன், சாலிடர் வைப்பேன். சாப்பாட்டு மேஜையில் முக்கால்வாசியைக் கம்பிகள் பிடித்துக்கொண்டன. ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

இந்த நிலையில்தான் பழைய இரும்புக் கடைக்காரர் போன் செய்தார்.

"சார், உங்க ஐட்டம் ஒண்ணு வந்திருக்கு. ஏதோ கோல்டு ஸ்டோரேஜ்ல ஓடின கம்ப்யூட்டராம். ஒரு வீட்டுல தார்ப்பாய் போட்டு மூடியே வச்சிருந்தாங்க. பெரியவர் போய்ச் சேர்ந்துட்டாரு, பொண்ணு எடுத்துட்டுப் போகச் சொல்லிடுச்சு."

"முழுசா இருக்கா?"

"பெட்டிய உடைச்சாச்சு. உள்ள இருந்த சர்க்யூட் பலகைங்க இருக்கு. தங்கம் இருக்கும்னு ஒருத்தன் சுத்திச் சுத்தி வரான். சீக்கிரம் வாங்க."

போய்ப் பார்த்தேன். மற்ற பலகைகள் எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தன. ஒன்று மட்டும் பத்திரமாக இருந்தது. அந்த மெஷினின் நினைவகம். அந்தக் காலத்து நினைவகம் எப்படி இருக்கும் என்றால், கடுகைவிடச் சின்னதாக ஆயிரக்கணக்கான காந்த வளையங்கள். அவற்றை மெல்லிய கம்பியில் கோத்து, வலை மாதிரி விரித்திருப்பார்கள். அதில் ஒரு விசேஷம் உண்டு. மின்சாரத்தை நிறுத்தினாலும் அது மறக்காது. நிறுத்திய அந்த நொடியில் என்ன இருந்ததோ, அது அப்படியே இருக்கும். பத்து வருடமானாலும் சரி, நாற்பது வருடமானாலும் சரி.

அதைப் படிப்பதற்கென்று தனியாக ஒரு சர்க்யூட் கட்டினேன். சாயங்காலங்கள் எல்லாம் அதிலேயே போயின. கடைசியில் உள்ளே இருந்தது முழுவதும் ஒரு கோப்பாக என் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. படித்துப் பார்த்தேன். ஆறு குளிர் அறைகளைக் கவனித்துக்கொள்ளும் புரோகிராம். அறையில் சரக்கை வைத்துக் கதவைச் சாத்தி, வேகமாக உறையவைப்பார்கள். அது முடியும்வரை கதவு பூட்டியே இருக்கும். தவறி யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு அறைக்குள் ஒரு பொத்தான். அழுத்தினால் வெளியே பேனலில் விளக்கு எரியும். ஆபரேட்டர் பார்த்துக் கதவைத் திறக்கவேண்டும்.

இன்னொன்றும் தெரிந்தது. இந்த மெஷினை யாரும் முறைப்படி நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோதே யாரோ மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். அப்படி மின்சாரம் போனால், விட்ட இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு தூங்கும்படி அந்த மெஷினைச் செய்திருந்தார்கள். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

அதற்கு மறுபடி மின்சாரம் வரவே இல்லை. நான் கொடுக்கும்வரை.

அந்த ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கு ஓடவிட்டேன். பேனல் விளக்குகள் குப்பென்று உயிர்பெற்றன. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சரி, ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கவனித்தேன். கீழ் வரிசையில் நான்காவது விளக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. நான்காம் அறையின் அழைப்பு விளக்கு.

திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி கடகடவென்று கொட்டியது. நான்காம் அறை, அழைப்பு. நான்காம் அறை, அழைப்பு. பத்து விநாடி இருக்கும். விளக்கு மங்கி அணைந்தது. வரி நின்றது.

இப்படி நடக்கக்கூடாது. அறையும் இல்லை, பொத்தானும் இல்லை, கம்பியும் இல்லை. எதுவும் இணைக்காத இடங்களில் எல்லாம் பூஜ்யம் வரவேண்டும் என்று நானே எழுதியிருந்தேன். என் மென்பொருளில்தான் ஏதோ பிழை என்று முடிவுகட்டினேன். பிழை தேடுகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கோப்பை மறுபடி ஏற்றி, முதலிலிருந்து ஓடவிட்டேன்.

மறுபடி நடுக்கம். மறுபடி வரிகள். மறுபடி அணைந்தது.

ஒரு வரியை மாற்றுவேன், ஏற்றுவேன், ஓடவிடுவேன். அணையும். இன்னொன்றை மாற்றுவேன், ஏற்றுவேன். அன்று காலை எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. காப்பி ஆறிப்போகும்வரை செய்தேன். எழுந்துபோய் வேறு காப்பி போட்டு வந்து, அதுவும் ஆறும்வரை செய்தேன்.

நடுவில் பேனல் தகட்டில் கை பட்டது. ஈரம். அலுமினியம் முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர் கோத்திருந்தது. அறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது... சட்டை நுனியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அப்போது எனக்கு எதுவுமே ஆச்சரியமாக இருந்ததில்லை.

பதினொன்றரைக்குத் தாடிக்குப் போன் செய்தேன். தாடி என்பது இதே பொழுதுபோக்கு உள்ள எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர். வேறு ஊரில் இருக்கிறார். தாடியை எடுத்துவிட்டார், பெயர் போகவில்லை.

"என்ன வேகத்துல ஓட்டறீங்க?" என்றார்.

"முழு வேகம்."

"அதான். இப்ப இருக்கிற கம்ப்யூட்டர் அந்த மெஷினைவிட முந்நூறு மடங்கு வேகம். அவ்வளவு வேகத்துல எல்லாம் கலந்துதான் தெரியும். அசல் வேகத்துக்கு இறக்குங்க. என்ன நடக்குதுன்னு கண்ணால பாருங்க."

"சரி."

"சாப்பிடறீங்களா ஒழுங்கா?"

"சாப்பிடறேன்."

அசல் வேகத்துக்கு இறக்கினேன். கோப்பை ஏற்றினேன். ஓடவிட்டேன்.

நான்காவது விளக்கு நடுங்கவில்லை.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது... அணைந்தது.

கொஞ்சம் இடைவெளி.

மறுபடி மூன்று தடவை.

இதை எனக்குத் தெரியும். மெஷின் பிழை இப்படி இருக்காது. கடைசி மாதங்களில் என் மனைவியின் கட்டிலில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்திருந்தேன். அவள் அழுத்தினால் கூடத்தில் மணி அடிக்கும். ஒரு கை பொத்தானை எப்படி அழுத்தும், பதில் வருகிறதா என்று எப்படிக் காத்திருக்கும், வரவில்லை என்றால் அடுத்த தடவை எப்படி அழுத்தும்... எல்லாம் எனக்கு மனப்பாடம்.

இது கை. ஒரு மனிதனின் கை.

நான் எழுந்திருக்கவில்லை. கத்தவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். மூன்று மூன்றாக வந்தது, பிறகு வேகவேகமாக, பிறகு கணக்கே இல்லாமல். ஒரு கட்டத்தில் ஒவ்வொரு அழுத்தலும் நீண்டது. எடுக்க மனமில்லாமல் விரல் அங்கேயே கிடக்கிற மாதிரி. அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு இருபதுக்கு நின்றது.

காலையில் நான் பத்துப் பத்து விநாடியாகப் பார்த்தது இதைத்தான். ஒவ்வொரு தடவையும் முழுசாக. முதலிலிருந்து முடிவுவரை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் செய்த காரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. கை தானாகப் போனது. நின்றுபோனதை மறுபடி ஏற்றுவது, அதுதானே எங்கள் பழக்கம். செத்த மனிதரை எழுப்புவதாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ. ஏற்றினேன்.

விளக்கு எரிந்தது.

அணையவில்லை.

இந்தத் தடவை மூன்று மூன்றாக இல்லை. முதல் நொடியிலிருந்தே விடாத ஒரே அழுத்தல். மறுபடியும் அங்கேதான் இருக்கிறோம் என்று தெரிந்துபோன கை...

போன் அடித்தது. அக்கா.

"சாப்பிட்டியாடா?"

"இனிமேதான்."

"மணி ஒண்ணு ஆகப்போகுது. என்ன பண்ற?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அந்தக் கம்பியெல்லாம் வச்சிட்டு முதல்ல போய்ச் சாப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்."

எமுலேட்டரில் நிறுத்தும் பொத்தான் ஒன்று உண்டு. முழுசாக அணைப்பது இல்லை. அந்த நொடியிலேயே எல்லாவற்றையும் உறையவைப்பது. அதை அழுத்தினேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். நிறுத்திவைத்தால் அவருக்கு நேரம் ஓடாது, குளிரும் ஏறாது. இடையில் திறக்கும் வழியை நான் கண்டுபிடித்துவிடலாம்.

நான்காவது விளக்கு எரிந்தபடியே நின்றது.

முந்தின நாள் சாப்பாட்டைச் சுடவைத்துக்கொண்டு வந்து, மேஜையில் காலியாக இருந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். பேனல் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அந்த விளக்கைப் பார்க்கவேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா ஏதேதோ பேசினாள். பிள்ளைகளின் பரீட்சை, குழாய் ரிப்பேர். நான் ம் ம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

பின்கழுத்து மட்டும் சில்லென்று இருந்தது.

தட்டைக் கழுவிவைத்துவிட்டு அந்தப் புரோகிராமை வரிவரியாகப் படிக்க உட்கார்ந்தேன். கதவைத் திறக்கும் கட்டளை எங்கேயாவது இருந்தாகவேண்டும். இருந்தது. பேனலில் ஒரு குறிப்பிட்ட சுவிட்சைத் தூக்கிவிட்டு, பக்கத்துச் சுவிட்சைக் கீழே தள்ளவேண்டும். ஆபரேட்டர் செய்யவேண்டிய வேலை மொத்தமே அவ்வளவுதான். இரண்டு விரல் வேலை. அதைக் கண்டுபிடித்தபோது சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டது.

ஓடவிட்டேன். சுவிட்சைத் தூக்கினேன். தகடு விரலில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

அடுத்ததைத் தள்ளினேன்.

திரையில் ஒரு வரி. நான்காம் அறை, கதவு திறந்தது.

விளக்கு அணைந்தது.

எங்கோ கனமான கதவு ஒன்று நகரும் சத்தம் கேட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டுதான் கேட்டது.

அன்றைக்கே இன்னும் ஒரு தடவை அந்தக் கோப்பை ஏற்றிப் பார்த்தேன், பயந்துகொண்டே. நான்காவது விளக்கு எரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எரியவில்லை. கோப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஒப்பிட்டுப் பார்த்தேன். தாடியிடம் சொன்னேன். "தூங்குங்க" என்றார்.

தூக்கம் வரவில்லை. அந்த மனிதர் உயிரோடு வெளியே வந்தாரா, இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஒன்று தெரியவேண்டும் என்று தோன்றியது. பழைய இரும்புக் கடைக்காரரிடம் அந்தப் பெரியவரின் மகள் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போனேன்.

"உங்க வீட்டுல இருந்த கம்ப்யூட்டர் பலகைய நான்தான் வாங்கினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டிப் பாத்தீங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அப்பா அங்க வேலை பாத்தார். ஒரு நாள் உள்ள மாட்டிக்கிட்டார். ஆபரேட்டர் சீட்ல இல்ல. சத்தம் கேட்டு யாரோ மெயினை அணைச்சு, கடப்பாரை போட்டுக் கதவத் திறந்தாங்க. உயிரோடதான் வந்தார். போன வருஷம் வரைக்கும் நல்லாதான் இருந்தார்."

ஸ்டூல் ஒன்றை நகர்த்திக் கொடுத்தார்.

"அதுக்கப்புறம் அந்த மெஷினை யாரும் போடல. தூக்கிப் போடறாங்கன்னு தெரிஞ்சு அப்பாதான் கேட்டு வாங்கிட்டு வந்தார். யாரும் அதுக்குக் கரண்ட் குடுத்துடக் கூடாதுன்னு. ஏன்னு கேட்டா சிரிப்பார். நான்தான் இடத்த அடைக்குதேன்னு போட்டுட்டேன்."

"ஏன்னு அவர் சொன்னதே இல்லையா?"

"அம்மாகிட்ட சொல்வார். நானும் கேட்டிருக்கேன். உள்ள இருந்தது இருபது நிமிஷம்னு எல்லாரும் சொன்னாங்க. அவர் ஒத்துக்கவே இல்ல. பல தடவ அடைச்சாங்கன்னு சொல்வார். ஒவ்வொரு தடவையும் முடிஞ்சுதுன்னு கண்ண மூடுவாராம். தொறந்தா மறுபடியும் அதே அறை, விரல் அதே பொத்தான் மேல. குளிர்ல மூளை குழம்பிடுச்சுன்னு டாக்டர் சொன்னார்."

நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசித் தடவை மட்டும் எல்லாம் நின்னுபோச்சாம். குளிர் நின்னுது, ஃபேன் நின்னுது, மூச்சும் நின்னுது. ஆனா நினைவு நிக்கல. கண்ண மூட முடியல. கதவுல ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அந்தப் பக்கம் கோல்டு ஸ்டோரேஜ் இல்லையாம். ஏதோ ஒரு வீடு. ஒருத்தர் முதுகைக் காட்டிட்டு உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாராம்."

"முதுகைக் காட்டிட்டா?"

"அவர் மேல கோபம் வரலியாப்பான்னு நான் கேட்டிருக்கேன். இல்லம்மா, பாவமா இருந்துச்சு, சாவு விழுந்த வீடுன்னு பாத்த உடனே தெரிஞ்சுதுன்னு சொல்வார்."

"எப்படித் தெரிஞ்சுதாம்?"

"எதிர்ல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களாம். தலையில பச்சைத் துணி கட்டிக்கிட்டு. அவங்க அப்பாவைப் பாத்துட்டாங்க. பாத்துட்டு அந்த ஆளைத் திரும்பச் சொல்லி, கை காட்டிக்கிட்டே இருந்தாங்களாம். மேஜையத் தட்டிக்கூடப் பாத்தாங்களாம். அவர் தட்டை விட்டு நிமிரவே இல்லையாம்."

சிகிச்சையில் முடி கொட்டிய பிறகு, என் பழைய பச்சைச் சட்டையைக் கிழித்துத்தான் அவள் தலையில் கட்டிக்கொண்டாள். அக்காவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

"இதை உங்ககிட்ட எப்ப சொன்னார்?" என்றேன்.

"நான் அஞ்சாவது படிக்கறப்ப இருந்தே கேக்கறேன் சார்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. என் மனைவியை அதுவரை நான் பார்த்ததே இல்லை.